கவனக் கட்டுப்பாட்டு அளவிடை: ஓராண்டு பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

சென்ற ஆண்டு ஆசிரியர்களுக்கான ஒருநாள் பயிற்சிப் பட்டறை ஒன்றில் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு தாள்கள் தரப்பட்டன. பிரதியிலிருந்தே மறுபடி மறுபடி பிரதி எடுத்திருந்தபடியால் ஓரத்து எழுத்துகள் பாதி மறைந்திருந்தன. தலைப்பில் 'கவனக் கட்டுப்பாட்டு அளவிடை' என்றிருந்தது; கீழே 20 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 4 கட்டங்கள். இதை நிரப்பிக் கூட்டினால் பிள்ளையின் கவனம் எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்று வளவாளர் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பாக இருக்கும் எனக்கு அந்த வாக்கியம் தேனாக இனித்தது. மாதத்தில் நாலைந்து தாய்மாராவது வந்து, "பிள்ளைக்குப் படிப்பில கவனமே இல்லை ரீச்சர், எந்த நேரமும் போனோடதான் இருக்கிறா" என்று முறையிடுகிற இடத்தில், பத்து நிமிடத்தில் விடை தரும் ஒரு தாள் கிடைத்தால் யார் வேண்டாமென்பார்கள்? அந்தத் தாளை ஓராண்டாக உயர்தர வகுப்பு மாணவிகளிடமும் என்னிடமுமே பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தையும், அதற்குப் பின்னாலுள்ள ஆய்வுகளைத் தேடி வாசித்தபோது தெரிந்தவற்றையும் வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில், பொருள் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வினாக்கொத்து அமெரிக்க உளவியலாளர்களான டெரிபெரி, ரீட் ஆகிய இருவரும் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையோடு பரவலாக அறியப்பட்டது. ஒரு வேலையில் மனத்தை ஊன்றி வைத்திருக்கும் ஆற்றல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனத்தைத் தேவைக்கேற்ப நகர்த்தும் ஆற்றல் என்ற இரண்டையும் அது கேட்கிறது. முதல் 9 கூற்றுகள் ஊன்றுதல் பற்றியவை, மீதி 11 நகர்த்தல் பற்றியவை என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு கூற்றுக்கும் 'ஏறக்குறைய ஒருபோதும் இல்லை' என்பதற்கு 1 முதல் 'எப்போதும்' என்பதற்கு 4 வரை புள்ளி. ஆகவே மொத்தம் 20க்கும் 80க்கும் இடையில் வரும். கூடினால் கட்டுப்பாடு கூட. கருவி வேண்டாம், கணினி வேண்டாம், பிரதி எடுக்கும் காசு மட்டுமே செலவு. ஒரு வகுப்பு முழுவதையும் ஒரு பாடவேளைக்குள் முடித்துவிடலாம் என்பது இதன் முதற் சிறப்பு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் எங்கள் கைக்கு வந்த தாளில் ஒரு முக்கியமான குறை இருந்தது. 20 கூற்றுகளில் 11 கூற்றுகள் எதிர்மறையானவை: சத்தம் இருந்தால் எனக்குக் கவனம் செலுத்துவது கடினம் என்பது போன்றவை. அவற்றுக்கு 'எப்போதும்' என்று வட்டமிட்டால் 4 அன்று, 1 தான் இடவேண்டும். புள்ளியைத் திருப்ப வேண்டும். இந்தக் குறிப்பு தாளில் எங்கேயும் இருக்கவில்லை. பட்டறையில் என் மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் நேராகவே கூட்டினோம். வீட்டுக்கு வந்து மூல வடிவத்தைத் தேடிப் பார்த்தபோதுதான் இது என்ன கூத்தில் முடிந்திருக்கும் என்று விளங்கியது. கவனக் கட்டுப்பாடு மிகச் சிறப்பாக உள்ள ஒருத்தி, சாதகமான 9 கூற்றுகளுக்கும் 4, பாதகமான 11 கூற்றுகளுக்கும் 1 என்று இடுவாள். திருப்பாமல் கூட்டினால் 36உம் 11உம் சேர்ந்து 47. கட்டுப்பாடு அறவே இல்லாத ஒருத்தி இதற்கு நேரெதிராக இடுவாள்: 9உம் 44உம் சேர்ந்து 53. அதாவது அடிமட்டத்தில் இருப்பவள் உச்சியில் இருப்பவளைவிட 6 புள்ளி கூடப் பெறுவாள்! எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'எப்போதும்' என்று வட்டமிட்டவளோ 80 எடுத்து முதலாம் இடத்தில் நிற்பாள். இந்தத் தாளை வைத்திருப்பவர்கள் வேறெதையும் செய்யுமுன் 1, 2, 3, 6, 7, 8, 11, 12, 15, 16, 20 ஆகிய கூற்றுகளுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். மூலத்தின் ஒழுங்கு மாறாமல் இருந்தால் திருப்ப வேண்டியவை இவையே.

அடுத்தது மொழி. மொழிபெயர்த்தவர் யாரென்று தாளில் இல்லை. நல்லெண்ணத்தோடு செய்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமும் இல்லை. இருந்தாலும் மூன்றாவது கட்டத்துக்கு 'அடிக்கடி' என்று வரவேண்டிய இடத்தில் 'பெரும்பாலும்' என்று போட்டிருந்தார். தமிழில் இவை இரண்டும் ஒன்றல்ல. 'அடிக்கடி தலையிடிக்கும்' என்பவருக்கும் 'பெரும்பாலும் தலையிடிக்கும்' என்பவருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்போமா? 'பெரும்பாலும்' என்பது 'எப்போதும்' என்பதன் வாசற்படியில் நிற்கிற சொல். அதனால் 2க்கும் 3க்கும் இடையில் ஒரு பெரிய பள்ளம் விழுந்து, பிள்ளைகள் பலரும் 'சிலவேளைகளில்' என்ற கட்டத்திலேயே ஒதுங்கிவிட்டார்கள். வேறொரு கூற்றில் 'கவனம் செலுத்த முடியாமல் போவதில்லை' என்ற இரட்டை எதிர்மறை. அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்று வட்டமிட்டால் அவளுக்கு முடிகிறதா, முடியவில்லையா? கெட்டிக்காரப் பிள்ளைகளே அந்த இடத்தில் பேனையின் மூடியைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கவனத்தை அளக்கும் தாள் அந்த இடத்தில் வாசிப்புத் திறனை அளந்துகொண்டிருந்தது.

மொழியைச் சரிசெய்தாலும் தீராத சிக்கல் கேள்வியின் உள்ளேயே இருக்கிறது என்பதை ஒரு மாணவிதான் எனக்குக் காட்டினாள். விரிவுரையைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பது எனக்குக் கடினம் என்ற பொருளில் வரும் 12ஆம் கூற்றுக்கு வந்ததும் கையை உயர்த்தி, "ரீச்சர், இது பள்ளிக்கூடத்தில இருக்கேக்கையா, ரியூசனில இருக்கேக்கையா?" என்று கேட்டாள். "ஏன் பிள்ளை, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றேன். "ரியூசனில பின்வாங்கில இருந்தா சேர் சொல்லுறதே கேக்காது, முன்னுக்கு இருக்கிறவளின்ர கொப்பியைப் பாத்துத்தான் எழுதுறது" என்றாள். நூற்றுக்கணக்கானோர் நெருங்கி அமர்ந்திருக்கும் தகரக் கொட்டகையில், ஒலிவாங்கி ஒருபுறம் இரைய, மின்விசிறி மறுபுறம் கிறீச்சிட, இணைந்த கணிதம் எழுதும் பிள்ளை 'எப்போதும் கடினம்' என்று வட்டமிடுகிறாள். தாள் அவளுடைய புள்ளியைக் குறைக்கிறது. கொட்டகையின் குறை பிள்ளையின் கணக்கில் எழுதப்படுகிறது.

இப்படியே அறையில் இசை ஒலித்தாலும் என் கவனம் நன்றாக இருக்கும் என்ற பொருளிலான 4ஆம் கூற்றும். எங்கள் ஊரில் இசை அறைக்குள் இருப்பதில்லை. இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் உள்ள கோயிலிலிருந்து விடிய ஐந்து மணிக்கே வந்துவிடும்; பாண்காரரின் முச்சக்கரவண்டியோடு வீதியில் வரும். தானாக விரும்பிப் போட்டுக்கொள்ளும் பாட்டும் தடுக்கமுடியாமல் காதில் விழும் பாட்டும் கவனத்துக்கு ஒன்றல்ல என்பதை அந்தக் கூற்று கணக்கெடுப்பதில்லை. பசி தாகத்தைப் பொருட்படுத்தாமல் இருப்பது பற்றிய கூற்றுக்கு ஒருத்தி, "வெள்ளிக்கிழமை விரதம் ரீச்சர், அண்டைக்கு என்ன செய்தாலும் பசிக்கும்தானே" என்றாள். தொலைபேசியில் கதைத்துக்கொண்டே வாசிக்கவோ எழுதவோ முடியும் என்ற 14ஆம் கூற்று பரவலாக அறியப்பட்ட 2002இல்தான் எங்களுக்கு, போரால் மூடிக்கிடந்த ஏ9 நெடும்பாதை திறந்தது. தொலைபேசி உள்ள வீட்டை ஒழுங்கைக்கு ஒழுங்கை தேடவேண்டிய காலம் அது. இன்றைய பிள்ளைக்கோ தொலைபேசி என்றால் கதைக்கும் கருவியே அன்று. அது எழுதுவதற்கும் பார்ப்பதற்கும் உரியது, கதைப்பது அம்மம்மாவோடு மட்டும்.

என்னையும் நான் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் தவணை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு பிற்பகல், யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் வாசிப்புப் பகுதியில் இருந்து தாளை நிரப்பினேன். முறைப்படி கூட்டியபோது 43 வந்தது. மார்கழி விடுமுறையில், திருவெம்பாவை முடிந்து வீடு ஓய்ந்திருந்த ஒரு காலையில் மறுபடி நிரப்பினேன், 55. இடையில் என் மூளை மாறிவிடவில்லை. முதல் நாள் என்னை நினைத்து எனக்கே சலிப்பு, இரண்டாம் நாள் அந்தச் சலிப்பு இல்லை, அவ்வளவுதான். தாளோ எந்தக் காலப்பகுதியை நினைத்து விடை சொல்லவேண்டும் என்று கேட்பவருக்குச் சொல்வதேயில்லை. நேற்றையா, இந்த ஆண்டையா, பிறந்ததிலிருந்து இன்றுவரையையா?

இந்த இடத்தில்தான் ஆய்வாளர்களும் பல காலமாக முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை வாசித்துத் தெரிந்துகொண்டேன். கவனத்தைச் செயலால் அளக்கும் முறைகள் பல உண்டு. அவற்றுள் பழையதும் எளியதுமான ஒன்று ஸ்ட்ரூப் என்பவர் 1935இல் வெளியிட்ட நிறச்சொற் சோதனை. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிவிட்டு, எழுத்தை வாசிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்வது. என் மருமகளின் நிறப்பேனைகளை வாங்கித் தமிழிலேயே இருபது அட்டைகள் செய்து பார்த்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் அவளுடைய தம்பி சுணங்காமல் சொல்லிக்கொண்டு போனான், நாற்பது ஆண்டுகளாக வாசிப்பே தொழிலாயிருக்கும் நான் நாலாவது அட்டையில் நாக்குப் பிசகினேன். 2002இலேயே ஃபான், போஸ்னர் முதலியோர் விழிப்பாயிருத்தல், திசைப்படுத்தல், முரணைத் தீர்த்தல் என்ற மூன்றையும் கணினியில் ஏறக்குறைய அரைமணி நேரத்தில் பிரித்தளக்கும் சோதனையொன்றை வெளியிட்டார்கள். வினாக்கொத்தில் நல்ல புள்ளி எடுத்தவர் இந்தச் சோதனைகளிலும் நன்றாகச் செய்யவேண்டும் என்றுதானே எதிர்பார்ப்போம்? 2017இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இதே அளவிடையை எடுத்து இதையே சோதித்தன. இரண்டின் முடிவும் ஏறக்குறைய ஒன்றுதான்: செயற் சோதனைகளோடு இந்தத் தாளின் புள்ளி சொல்லும்படியாக ஒத்துப்போகவில்லை, பதகளிப்பு (மனப்பதற்றம்), மனச்சோர்வு போன்ற உணர்வுநிலை அளவீடுகளோடு நன்றாகவே ஒத்துப்போனது. தாள் அளப்பது ஆற்றலையா, ஆற்றலைப் பற்றிய நம்பிக்கையையா என்ற கேள்வியை ஓர் ஆய்வு தலைப்பிலேயே வைத்திருந்தது.

இது இந்த ஒரு தாளின் குற்றம் மட்டும் அன்று. திட்டமிடல், தன்னைக் கட்டுப்படுத்தல் போன்ற மனத்தின் நிருவாகத் தொழிற்பாடுகள் பற்றி டோப்லாக், வெஸ்ட், ஸ்டானோவிச் ஆகியோர் 2013இல் 20 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மதிப்பீட்டுப் படிவங்களுக்கும் செயற் சோதனைகளுக்கும் இடையிலான இணைவின் இடையம் (நடுவில் நிற்கும் மதிப்பு) 0.19 மட்டுமே. முழுமையான ஒற்றுமைக்கு 1 என்று வைத்தால் இது எவ்வளவு மெலிந்த தொடர்பு என்று விளங்கும். செயற் சோதனைகளையும் தூக்கிவைத்துக் கொண்டாட முடியாது. ஸ்ட்ரூப் சோதனை ஏறக்குறைய எல்லோரையும் ஒரே விதமாகத் தடுமாறச் செய்கிறது. எல்லோரும் ஒரே விதமாகத் தடுமாறினால் ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்துக்காட்ட அது உதவாது என்பதை ஹெட்ஜ் முதலியோர் 2018இல் விளக்கியிருக்கிறார்கள். இரண்டு தராசும் ஆளுக்கொரு விதத்தில் பழுது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்பதற்காக வினாக்கொத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அமைதியான ஆய்வறையில் அரைமணி நேரம் உச்சத் திறனைக் காட்டுவது ஒன்று, வீட்டில் நாள்தோறும் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது வேறொன்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிள்ளைகள் தங்களை அளக்கும்போது யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைத் தாள் கேட்பதில்லை. என் மாணவிகளில் குறைந்த புள்ளி எடுத்தவர்களுள் வகுப்பில் முதல் வரிசையில் நிற்கும் ஒருத்தியும் இருந்தாள். காரணம் கேட்டேன். "அவள் ஒரே இருப்பில மூண்டு மணித்தியாலம் படிப்பாள் ரீச்சர், எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஏலாது" என்று தோழியைக் காட்டினாள். ஒரு மணி நேரம் அசையாமல் படிப்பது அவளுக்குக் கவனக் குறைவாகப் படுகிறது. தோழியோ தனக்கு நடுத்தரமாகவே புள்ளி இட்டிருந்தாள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தத் தாளை நான் அடுப்பில் போடவில்லை. காரணம், 2002ஆம் ஆண்டின் மூல ஆய்விலேயே இருக்கிறது. பதகளிப்பு மிகுந்தவர்களின் கவனம் அச்சம் தரும் அடையாளத்தில் ஒட்டிக்கொள்வதை அவர்கள் அளந்தார்கள். அரை வினாடி அவகாசம் கிடைத்தபோது, இந்த வினாக்கொத்தில் கூடிய புள்ளி எடுத்திருந்தவர்கள் அந்த ஒட்டலிலிருந்து விடுபட்டுக்கொண்டார்கள். குறைந்த புள்ளி எடுத்தவர்கள் விடுபடவில்லை. ஆகவே தாளில் உள்ள புள்ளி வெறும் காற்று அன்று. பதகளிப்பு, இலக்கை நோக்கிய கவனத்தைக் குலைத்து, வெளியிலிருந்து இழுக்கும் பொருள்களுக்கு மனத்தை விட்டுக்கொடுக்கச் செய்கிறது என்று ஐசென்க்கும் சக ஆய்வாளரும் 2007இல் முன்வைத்த கோட்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால், குறைந்த புள்ளி பெரும்பாலும் ஒரு புகை. நெருப்பு வேறிடத்தில் இருக்கலாம்.

ஒரு மாணவி 7ஆம் கூற்றுக்கு, அதாவது வேண்டாத எண்ணங்களைத் தடுக்க முடிவதில்லை என்பதற்கு, 4ஐ வட்டமிட்டு, மறுபடி வட்டமிட்டு, தாளே கிழிந்துபோகும்வரை அழுத்தியிருந்தாள். மற்றக் கூற்றுகளுக்கெல்லாம் சாதாரணமான விடைகள், மொத்தம் 51. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் அவளைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். கூப்பிட்டுக் கதைத்தபோது, சென்ற தடவை அண்ணாவுக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி சொற்பத்தில் தவறிக் கம்பஸ் கிடைக்காமல் போனதும், அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்காமல் இருப்பதும், கொப்பியைத் திறந்தாலே அந்த மௌனம் நினைவுக்கு வருவதும் வெளியே வந்தன. அவளுக்குக் கவனப் பயிற்சி தேவைப்படவில்லை.

மாற்றுப் பொருள்களையும் பார்க்கவேண்டும் அல்லவா? பிராட்பென்டும் சக ஆய்வாளரும் 1982இல் வெளியிட்ட அறிகைத் தவறுகள் வினாக்கொத்தை நான் இதைவிட ஒரு படி மேலே வைப்பேன். 25 வினாக்கள், 0 முதல் 4 வரை புள்ளி. கடந்த 6 மாதங்களை நினைத்து விடை சொல்லுங்கள் என்று காலத்தை வரையறுத்துவிடுகிறது. எதற்காக அறைக்குள் வந்தேன் என்று மறந்து நின்றது உண்டா, யாரோ உங்களோடு கதைத்தது காதில் விழாமல் போனதுண்டா என்று நடந்த செயல்களையே கேட்கிறது. மறதிக்காரர் தம் மறதிகளை நினைவு வைத்துச் சொல்லவேண்டும் என்ற முரண் அதிலும் உண்டு. அதற்குப் பரிகாரம்போல, உடனிருப்பவர் நிரப்புவதற்கு 8 வினாக்கள் கொண்ட தனித்தாளையும் அவர்கள் செய்திருக்கிறார்கள். அதை என் கணவரிடம் கொடுத்தேன். நான் எனக்கு இட்ட புள்ளிகளையும் இவர் எனக்கு இட்ட புள்ளிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த இரவில் எங்கள் வீட்டில் நடந்த உரையாடல் இந்த மதிப்புரைக்கு வேண்டியதன்று.

கவனக் கட்டுப்பாட்டு அளவிடையிலேயே நிற்க விரும்புவோர், ஜூடாவும் சக ஆய்வாளரும் 2014இல் பரிந்துரைத்த 12 கூற்றுச் சுருக்கத்தை எடுப்பது நல்லது: ஊன்றுதலுக்கு 7, நகர்த்தலுக்கு 5. நீண்ட தாளில் எதனோடும் ஒட்டாமல் நிற்கும் கூற்றுகள் பல அதில் இல்லை, 14ஆம் கூற்றாகிய தொலைபேசியும் இல்லை. இரண்டு பகுதியையும் சேர்த்துக் கூட்டாமல் தனித்தனியே வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. இந்தத் தாள் கவனக்குறை மிகையியக்கக் கோளாறைக் கண்டறியும் சோதனை அன்று. அதற்கான வளர்ந்தோர் முன்னாய்வுப் படிவமாக உலக சுகாதார நிறுவனம் 18 வினாக்கள் கொண்ட ஒன்றை வைத்திருக்கிறது. அதுவும் வைத்தியரிடம் போகலாமா என்று முடிவெடுக்க உதவுவதே தவிர நோயைத் தீர்மானிப்பது அன்று. 40க்குக் கீழே வந்துவிட்டது என்று பிள்ளையின் காதுபடப் பக்கத்து வீட்டில் சொல்வதற்கு இந்த எண்களில் எதுவும் இல்லை. இன்ன புள்ளிக்குக் கீழே குறைபாடு என்று எங்கள் பிள்ளைகளுக்கு வரையறுத்த எல்லைக்கோடு எதுவும் என் தாளிலும் இல்லை.

இப்போது நான் பயன்படுத்தும் தாளை மறுபடி தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறேன். 'பெரும்பாலும்' போய் 'அடிக்கடி' வந்துவிட்டது. இரட்டை எதிர்மறையை உடைத்துவிட்டேன். 'கடந்த இரண்டு கிழமைகளை நினைத்து' என்ற ஒரு வரியை மேலே சேர்த்திருக்கிறேன். இப்படி மாற்றிய தாளின் புள்ளியை வெளியூர் ஆய்வுகளின் எண்களோடு ஒப்பிடக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். முறையான மொழிபெயர்ப்பென்றால் ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பாராத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்த்து, நிறையப் பேரிடம் கொடுத்துப் பார்க்கவேண்டும். அது பல்கலைக்கழகத்தார் செய்யவேண்டிய வேலை. என் தாளில் அடியிலிருந்த 'மொத்தம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'எங்கே, எப்போது?' என்று இரண்டு கோடுகள் விட்டிருக்கிறேன். சென்ற கிழமை நிரப்பிய ஒருத்தி, அறையில் ஆட்கள் கதைத்தால் படிக்கும்போது என் கவனம் எளிதில் சிதறும் என்ற பொருளிலான 6ஆம் கூற்றுக்கு 4ஐ வட்டமிட்டுவிட்டு, அந்தக் கோடுகளில் எழுதியிருந்தாள்: "வீட்டில் ஒரு அறைதான். அப்பா செய்தி பார்ப்பார். எட்டு மணிக்குப் பிறகு பிரச்சினை இல்லை."